பென்சில் புள்ளி

ஓடைக்குப்பம்,
9-6-1952

அன்புள்ள தங்கை செல்விக்கு,

போதுமான காலம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி முடியாது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு நானூறு மைலுக்கு அப்பால் இருக்கும் உன்னைத் தவிர ஆள் இல்லை என்பதுதான் நாற்பத்தெட்டு வயதில் என் சம்பாத்தியம்.

நான் சுகம். கடைவாய்ப் பல் ஒன்று மட்டும் ஆடுகிறது. நீயும் மாப்பிள்ளை ஜெயக்கொடியும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். ராஜனுக்கு முழங்கால் புண் ஆறிவிட்டதா?

எக்ஸிக்யூட்டிவ் ஆபீசர் பதவி எனக்கு இல்லை. இந்தப் பஞ்சாயத்து போர்டில் பதினாறு வருஷம் ஹெட் கிளார்க்காக இருந்தவன், பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்தவன், எனக்கு இல்லை. சங்கரநாராயணன் என்று ஒருவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சிறியவர். எந்தத் தபாலுக்கு எந்தப் பதிவேடு என்று இன்றைக்கும் என்னிடம் கேட்டுத்தான் செய்கிறார். அவர் பெயரைத்தான் போர்டு சிபாரிசு செய்தது. ஒன்பது மெம்பர்களில் ஐந்து கை அவருக்கு, நாலு கை எனக்கு.

அந்த ஐந்தாவது கை லோகநாதனுடையது. கடலோர வார்டு மெம்பர், கட்டுமரக்காரன், நீ இங்கே இருந்தபோது சிநேகமான உன் கெங்கம்மாவின் புருஷன்.

வோட்டுக்கு முன்னால் போன கூட்டத்து நடவடிக்கையைப் படிக்கும்படி பிரசிடெண்ட் அய்யாத்துரை சொன்னார். படித்தேன். 'மேற்படி விளக்குக் கம்பங்களைச் செப்பனிடும் பொருட்டு' என்ற இடத்தில் லோகநாதன் கையைத் தூக்கினான். "சாரு, நீ படிக்கசொல்ல கோயில்ல மந்திரம் சொல்ற மாதிரியே கீது. அத்த கொஞ்சம் தமிழ்ல சொல்லேன்" என்றான். சபை முழுக்கச் சிரித்தது. பிரசிடெண்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வோட்டும் எடுத்து முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் என் தோளில் கையைப் போடுகிறான். "கோச்சிக்காத சாரு. நீ ஆபீசர் ஆயிட்டா அப்பால எங்க பேப்பரெல்லாம் யாரு எய்துவா? நீ கிளார்க்கா இருந்தாத்தான் எங்களுக்கு தகிரியம்."

தைரியமாம்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் அண்ணன்,
தேவப்பிரியம்


நாசரேத்,
27-6-1952

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

செல்வி எழுதுவது. அவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். ராஜன் புண் ஆறி, அடுத்த முழங்காலையும் உடைத்துக்கொண்டு வந்துவிட்டான். உங்கள் பல்லைக் கையால் ஆட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ராயபுரத்தில் பல் டாக்டர் இல்லாமலா போய்விட்டார்?

பதவி கிடைக்காதது எனக்கும் வருத்தம்தான். உங்கள் மாப்பிள்ளையும் இரண்டு நாள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் கடிதத்தை மூன்று தரம் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. லோகநாதன் அண்ணன் சொன்னது எனக்கு வைதது மாதிரித் தெரியவில்லை. அந்த ஆளுக்கு உங்களைத் தவிர அந்த ஆபீசில் யாரையும் தெரியாது. அதைத் தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லியிருக்கிறார்.

நாற்பத்தேழில் மதினி காலராவில் போனபோது திருச்சபையார் நாலு பேர் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். வண்டிக்காரனும் வரவில்லை. மூலக்கொத்தளம் கல்லறைத் தோட்டம் வரைக்கும் பெட்டியைத் தோளில் வைத்து நடந்தது லோகநாதனும் அவர் மச்சானும். ராஜன் அங்கே பிறந்தபோது அவனை முதலில் கையில் வாங்கினவள் கெங்கம்மா. உங்களுக்கு இதெல்லாம் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புத் தங்கை,
ஞானசெல்வி


ஓடைக்குப்பம்,
20-7-1952

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல் விழுந்துவிட்டது, டாக்டர் செலவு மிச்சம். மற்றபடி சுகம். அங்கே காற்றுக் காலம் ஆரம்பித்திருக்கும், பிள்ளைகளுக்குக் கண்வலி வராமல் பார்த்துக்கொள்.

ஞாபகப்படுத்தியதற்கு நன்றி. ஒருவன் ஒரு நாள் செய்த உபகாரத்தை மற்றவர்கள் ஆயுள் முழுக்க நமக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள் என்று அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் பெட்டியை நானே தனியாகச் சுமந்திருப்பேன்.

போர்டு வேலை எப்படி நடக்கிறது என்று நீ கேட்டதில்லை. சொல்கிறேன், சிரிப்பு வரும். மாதம் ஒரு கூட்டம் என்று சட்டம். கூட்டம் நடப்பதே அபூர்வம். ஆள் நியமனம் மாதிரி ஏதாவது வந்தால்தான் எல்லாரும் கூடுவார்கள். மற்ற மாதங்களில் தீர்மானங்களை நானே எழுதிவிடுகிறேன். தீர்மானம் என்றால் முன்மொழிய ஒருவர் வேண்டும். அதற்கு நான் ஒரு முறைச் சீட்டு வைத்திருக்கிறேன். ஒன்பது பெயர், வரிசையாக, ஆளுக்கு ஒரு தீர்மானம். வழிமொழிவது எப்போதும் வைஸ் பிரசிடெண்ட். பிறகு மினிட் புத்தகத்தில் கையெழுத்து விழ வேண்டிய இடங்களில் சின்னதாகப் பென்சில் புள்ளி வைப்பேன். பியூன் புத்தகத்தை வீடு வீடாகக் கொண்டுபோவான். புள்ளி இருக்கிற இடத்தில் போடுவார்கள். புத்தகம் திரும்பி வந்ததும் ரப்பரால் புள்ளியை அழிப்பேன். மூன்று வருஷமாக இந்த ஊரில் எல்லாவற்றையும் முன்மொழிந்து வருகிறவன் நான்தான்.

காஜா மொய்தீன் என்று ஒரு மெம்பர், ஸ்டேஷன் ரோட்டில் டீக்கடை. என்னைப் பார்த்தாலே, "சாரு, இந்த மாசம் நா இன்னா முன்மொயிஞ்சேன்? நல்லதாத்தானே சொன்னேன்?" என்று கேட்டுவிட்டுத்தான் டீ ஊற்றுவார்.

நேற்று ஜூலைப் புத்தகம் சுற்றி வந்தது. தீர்மானம் 45, கால்வாய்க் கரையில் செத்த கழுதையை அப்புறப்படுத்தியது. 46, தெரு நாய்களைப் பிடிப்பது, முன்மொழிந்தவர் லோகநாதன். அவன் நாய்க்குச் சோறு வைக்கிறவன். 47, கடலோரத்து மணல்வெளியைக் கேட்கும் ஒரு கம்பெனிக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதுவது. 48, பாலத்தடி விளக்குக்குச் சிம்னி.

மனுக்களும் வரும். கையெழுத்து இல்லாத மொட்டைக் கடிதமாக இருந்தால் நான் படிப்பதுகூட இல்லை. 'கோப்பில் சேர்க்கவும்' என்று மூலையில் எழுதிக் கட்டிவிடுவேன். சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கலெக்டருக்கே எழுதுவார்கள். அதுவும் அங்கேயிருந்து தாலுகாவுக்கு வந்து, 'போர்டின் அறிக்கைக்கு' என்று முத்திரை குத்தி, கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். அறிக்கை எழுதுகிறவனும் நான்தான்.

இப்படித்தான் நாட்கள் போகின்றன. எல்லாருக்கும் என் அன்பு.

உன் அண்ணன்,
தேவப்பிரியம்


நாசரேத்,
8-8-1952

பிரியமான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். எல்லாரும் சுகம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள், எழுபத்திரண்டு பிள்ளைகள். தொண்டை கட்டிவிட்டது, அதனால் இது சின்னக் கடிதம்.

நாற்பத்தேழாவது தீர்மானத்தில் உள்ள மணல் எது? அம்மன் கோயிலுக்குக் கிழக்கே, கட்டுமரம் ஏற்றி வைத்து வலை காயப்போடுகிற இடமா? கெங்கம்மாவோடு நான் உட்கார்ந்து கருவாடு திருப்பிப் போட்ட அந்த இடமா? அதுவானால் அவர்கள் எங்கே போவார்கள்? அதை யார் முன்மொழிந்தது?

நாய் பிடிப்பதற்கு முன்மொழிந்தவர் பெயரை எழுதியிருக்கிறீர்கள். மணலுக்கு எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானசெல்வி


ஓடைக்குப்பம்,
30-9-1952

அன்புள்ள செல்விக்கு,

பதில் எழுதத் தாமதம். ஆபீசில் வேலை. இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. உன் தொண்டைக்குச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடி.

நீ கேட்ட மணல் அதுதான். கம்பெனிக்காரர்கள் வேலி போட வந்துவிட்டார்கள். எர்ணாவூர் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக இரும்புக் கம்பம் வருகிறது. வடக்கே ஆரம்பித்துத் தெற்கு நோக்கி, நாளைக்கு மூன்று நாலு என்று நடுகிறார்கள். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் யாரோ வரிசையாக நடந்து வருவதுபோல் இருக்கும். காலையில் பார்ப்பேன், மாலையில் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும்.

போன வாரம் குப்பத்து ஆட்கள் வேலி போட விடாமல் மறித்தார்கள். கம்பெனி சூப்பர்வைசர் மாட்டு வண்டிமேல் ஏறி நின்று, எங்கள் போர்டு கொடுத்த தீர்மான நகலை உரக்கப் படித்தான். நகலுக்கு முத்திரை வைக்கப் போயிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். 'முன்மொழிந்தவர், திரு. லோகநாதன், மெம்பர்' என்று அவன் படித்ததும் முதலில் சிரித்தது லோகநாதன்தான்.

"எம் பேரு இன்னாத்துக்குய்யா அதுல வருது?" என்றான்.

கெங்கம்மாவின் அண்ணன், அன்று இவனோடு பெட்டி தூக்கினவன், வண்டியிடம் போய் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டான். திரும்பி வந்து, "லோகு, உம் பேருதாண்டா. ஊர வித்துட்டியேடா" என்றான். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அது வரிசைப்படி வந்த பெயர். இதில் யாருடைய தவறும் இல்லை.

மறுநாள் ஆபீசுக்கு வந்தான். தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு என் மேஜை முன்னால் நின்றான். "சாரு, நீ புள்ளி வெச்ச எட்த்துல நானு போட்டேன். அத்தினிதான் எனக்குத் தெரியும். நீயே சொல்லு சாரு, நா எப்பனா வந்து அத்த முன்மொயிஞ்சனா?"

மழை இந்த வருஷம் சீக்கிரமே வரும் போலிருக்கிறது. கூரையில் மூன்று ஓடு மாற்ற வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
தேவப்பிரியம்


நாசரேத்,
11-10-1952

பிரியமான அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் விசாரிக்கிறேன்.

லோகநாதன் அண்ணன் உங்களைக் கேட்டது கடிதத்தில் இருக்கிறது. நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பது இல்லை. அந்த இடத்தில் மழை வந்துவிட்டது.

இன்னொன்று. நான் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். ஒன்பது பேர், ஆளுக்கு ஒன்று, வரிசையாக. நாற்பத்தாறாவது, நாய் பிடிப்பது, லோகநாதன் என்று ஜூலையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாற்பத்தேழும் லோகநாதன் எப்படி ஆகும்?

கை தவறி நடந்திருக்கும் என்றே நினைக்க விரும்புகிறேன். கை தவறியிருந்தால் அதைச் சொல்லிவிடலாம், அண்ணன். சொன்னால் நேராகிவிடும்.

மதினியின் நினைவு நாள் இருபதாம் தேதி. பூ வாங்கிக்கொண்டு போவீர்கள்தானே?

ஞானசெல்வி


ஓடைக்குப்பம்,
2-11-1952

அன்புள்ள செல்விக்கு,

நான் சுகம். மழை பிடித்துக்கொண்டது. ஆபீசில் நாலு இடத்தில் ஒழுகுகிறது, பதிவேடுகளை நடு அறைக்கு மாற்றினோம். மூலக்கொத்தளம் போய் வந்தேன். பூ வைத்தேன். எனக்கு முன்னாலேயே யாரோ தாழம்பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று விசாரிக்கவில்லை.

குப்பத்தார் லோகநாதனோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி. அவன் மரத்தைத் தள்ளக் கை கொடுப்பதில்லையாம். அவன் பிடித்த மீனை ஏலத்தில் யாரும் கேட்பதில்லையாம். அது அவர்களுடைய ஊர் வழக்கம். போர்டு அதில் தலையிட முடியாது. கம்பங்கள் கோயில் மூலைக்கு வந்துவிட்டன.

பிரசிடெண்ட் என்னைத் தம் மண்டிக்குக் கூப்பிட்டிருந்தார். உனக்குத் தெரியும், அவரும் நம் பக்கத்துக்காரர்தான், சாத்தான்குளம். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார், காப்பி வரவழைத்தார். சங்கரநாராயணன் ஜனவரியில் பழைய இலாகாவுக்கே திரும்பிப் போகிறாராம். "இந்தத் தடவை எட்டுக் கை உமக்குத்தான். ஒன்பதாவது கை நமக்கு வேண்டாம்" என்றார். பிறகு, "அந்த மீன்காரப் பய ஏதோ புலம்பிக்கிட்டு அலையுதான். நீரு ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதேயும்" என்றார்.

காப்பியை மட்டும் குடித்தேன்.

பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
தேவப்பிரியம்


நாசரேத்,
17-11-1952

அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம்.

இத்துடன் ஒரு கடிதம் இருக்கிறது. எனக்கு வந்தது. உங்களிடம் நேரே பேச முடியாததால் நானூறு மைல் சுற்றி உங்களுக்கு வருகிறது. படியுங்கள்.

'செல்வியம்மாவுக்கு கெங்கம்மா சொல்றது. எய்துறது டீக்கட காஜா பாய். நானு நல்லா கீறேன்னு எய்தச் சொன்னேன், பாய் மாட்டேன்றாரு. பொய் எய்தினா கை கூசுதாம். சரி, நல்லா இல்ல. அவரு மரத்த தள்ள ஒருத்தனும் வர்ல. நானே ஒரு பக்கம் புட்ச்சித் தள்றேன். அலைல வுயுந்து முட்டி வீங்கி கீது. மார்க்கெட்ல என் கூடைய யாரும் தொடறதில்ல. கூடப் பொறந்தவனே மூஞ்சத் திருப்பிகினு பூட்றான். இவரானா வூட்ல குந்திகினு ஒரே பேச்சு. சாருக்கு ஆயிரம் பேப்பரு கெங்கா, மறந்துட்டாரு, ஞாபகம் வந்தா அவரே வந்து சொல்வாரு அப்டின்றாரு. நானு நல்லா வைவேன். வாய மூடிக்குவாரு, மறுபடி அதையேதான் சொல்வாரு. உங்க அண்ணிக்கு வருசா வருசம் பூ வெக்கிறவரு, இந்த வருசமும் நட்ந்தே போயி வெச்சுட்டு வந்தாரு. சாரு வூட்டுக்கு ரெண்டு வாட்டி போனோம். கதவு தெறக்கல. வெளில செருப்பு கெடந்துச்சு. இந்த மாசம் இருவத்தெட்டாந் தேதி, வெள்ளிக்கெயம, அம்மன் கோயிலாண்ட ஊர்க்கூட்டம். சூடத்த கையால அணைச்சி சத்தியம் பண்ணணுமாம். பண்ணாலும் பேப்பர்ல பேரு கீதேன்றானுங்க. ஊர வுட்டுத் தள்ளிட்டா எங்க மரம் இந்தக் கரைல ஏற முடியாது. பக்கத்துக் குப்பத்துலயும் வுட மாட்டானுங்க. சாரு வந்து ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும். நீ சொன்னா கேப்பாரு.'

அதன் கீழே இப்படி இருக்கிறது. 'எழுதியவன் சொல்வது. தங்கச்சி, நாற்பத்தேழு என் முறை. சாரைக் கேலி பண்ணுவதற்காக நான் எப்போதும் விரல் விட்டு எண்ணி வைப்பேன். இதை ஊரில் சொன்னேன். நீயும்தானே பாய் கையெய்த்துப் போட்டே என்கிறார்கள். அதுவும் நியாயம்தான். முறைச் சீட்டு சாரிடம்தான் இருக்கிறது. அதைக் காட்டினால் ஒரு நிமிஷ வேலை.'

அண்ணன், பூ வைத்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை போங்கள். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். வேலை போனால் நாசரேத்துக்கு வந்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு அறை இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. போகவில்லையென்றால் எனக்கு எழுத வேண்டாம்.

ஞானசெல்வி


(தபால் கார்டு)
ஓடைக்குப்பம்,
22-11-1952

செல்விக்கு,

சுகம். கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை போகிறேன். முறைச் சீட்டை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துவிட்டேன். நீ கவலைப்படாதே. மற்றவை பிறகு.

தேவப்பிரியம்


ஓடைக்குப்பம்,
3-12-1952

அன்புள்ள செல்விக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். இருந்தாலும் எழுதுகிறேன். நீங்கள் யாவரும் சுகமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை போனேன். அதை நீ நம்ப வேண்டும். மாலை நாலரை மணிக்குக் குடையை எடுத்துக்கொண்டு, சீட்டு பையில் இருக்கிறதா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது. கோயிலுக்கு முன்னால் நூறு நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவே முள்கம்பி வேலி. உள்ளே போக ஒரு திட்டிவாசல் விட்டிருந்தார்கள். நான் அதன் கிட்டே போனபோது லோகநாதன் என்னைப் பார்த்துவிட்டான்.

எழுந்து நின்று கையை ஆட்டினான். "நா சொல்லல? நா சொல்லல? சாரு வந்துட்டாரு! வயி வுடுங்க, சாருக்கு வயி வுடுங்க!" என்று கத்தினான். அவன் முகத்தை உனக்கு எப்படி எழுதுவேன் என்று தெரியவில்லை.

எல்லாரும் திரும்பினார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதற்காக என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்துச் சிரித்ததாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது.

"வேலி அளவு பார்க்க வந்தேன்" என்றேன்.

சொன்னது நான்தான். அப்படிச் சொல்லப்போகிறேன் என்று வாசலுக்கு வரும்வரை எனக்கே தெரியாது. பிறகு சொன்னதற்கு ஏற்ப நடக்க வேண்டியிருந்தது. கம்பம் கம்பமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வடக்கே நடந்தேன். முப்பத்தொரு கம்பம். பின்னால் கெங்கம்மாவின் குரல் ஒரு தடவை கேட்டது. லோகநாதன் அவளை அதட்டினான். "வுடு கெங்கா, சாரு வேலையா வந்துகீறாரு."

அவன் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தானாம். ஊர் ஏற்கவில்லையாம். மறுநாள் விடிந்ததும் மரத்தை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். இதெல்லாம் காஜா மொய்தீன் என் பியூனிடம் சொன்னது. இப்போது அவர் கடையில் எனக்கு டீ இல்லை.

சனிக்கிழமை காலை லோகநாதன் தனியாகவே மரத்தைத் தள்ளினான். காட்டுப்பள்ளியில் அவன் சித்தப்பா மகன் இருக்கிறான், அங்கே ஒரு ஓரத்தில் மரம் ஏற்ற விடுவான் என்று கிளம்பியிருக்கிறான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தது எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டு பேர் துடுப்புப் போட வேண்டிய மரம். மூன்றாவது அலை வரைக்கும் தெரிந்தது. இன்று புதன்கிழமை. காட்டுப்பள்ளிக்கு அவன் வந்து சேரவில்லை என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். கெங்கம்மா வேலிக்கு அந்தப் பக்கம், கடைசிக் கம்பத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். இப்போது குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் அவளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன்.

நீ கேட்ட கணக்குக்கு விடை எழுதுகிறேன். கை தவறவில்லை. அது காஜா மொய்தீன் முறை. அந்தப் பெயரை எழுதத்தான் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன். அந்த மணல் குப்பத்தாருக்கு வேண்டியது என்று எனக்குத் தெரியும். லோகநாதன் பெயரில் போனால் அவனை நாலு பேர் நாலு நாள் கேலி செய்வார்கள், சபையில் சிரிக்கிறது எப்படி இருக்கும் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. அன்று அவன் என் மேஜைக்கு வந்து கேட்டபோது நான் சொன்ன பதில், "பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது." அவன், "அப்டியா சாரு" என்று கேட்டுக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான்.

கலெக்டருக்கு நாலு பக்கம் எழுதி முடித்திருக்கிறேன். கூட்டம் நடக்கவில்லை, லோகநாதன் எதையும் முன்மொழியவில்லை, முறை வேறொருவருடையது, எழுதுகிறவர் தெரிந்தே பெயரை மாற்றினார், எல்லாம் இருக்கிறது. 'எழுதுகிறவர்' என்றுதான் போட்டிருக்கிறேன். இடது கையால் எழுதியதால் இரண்டு நாள் ஆயிற்று. முறைச் சீட்டை இணைக்கலாம் என்று வெளியே எடுத்தேன். அதில் ஒன்பது பெயரும் என் வலது கை எழுத்து. திரும்ப மேஜைக்குள் வைத்துவிட்டேன்.

இது எந்த வழியாகச் சுற்றி எங்கே வந்து சேரும் என்று ஜூலையில் உனக்கு எழுதினேன். பொங்கல் கழித்து வரலாம். அப்போது நான் உட்கார்ந்திருப்பது ஆபீசர் மேஜையாகக்கூட இருக்கலாம்.

முடிவில், பெயர் வர வேண்டிய இடத்தில், பழக்கத்தால் ஒரு பென்சில் புள்ளி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரப்பரை எடுத்து அழித்தேன். காகிதத்தில் அடையாளம் ஒன்றும் தெரியவில்லை. நாளைக் காலை ஆபீசுக்குப் போகிற வழியில் இந்தக் கடிதத்தோடு அதையும் தபாலில் சேர்த்துவிடுகிறேன், கையெழுத்துப் போடாமல்.